வெளித்தாழ்ப்பாள்

திருப்பதி ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உட்காரச் சொன்ன நாற்காலியை விட்டுக் கதவுக்கு ஓடினேன். கை வேர்த்து, பிடி வழுக்கியது. மனநோய்க்காரர்களிடம் பேசியே வைத்தியம் பார்க்கும் மேடம் எழுந்து வந்து கதவைத் திறந்து, தன் செருப்பையே கழற்றி முட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

அப்போது நான் குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். எங்கள் நாகலாபுரம் பக்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். அந்த வீட்டார் வெளியே கிளம்பினால் என்னைச் சமையலறையில் விட்டு வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். ஒருநாள் எண்ணெய் தீப்பற்றியது. ஈரத்துணி போட்டு அணைத்துவிட்டேன். ஆனால் அவர்கள் வந்து திறக்கும்வரை புகைக்குள்ளேயே கிடந்தேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கதவு சாத்தினால் மூச்சடைத்துக் கத்துவேன். காத்துக் கருப்பு பிடித்திருக்கிறது என்றாள் அம்மா. பூசாரி ஒருவர், என்னை ஒரு வாரம் அறையில் அடைத்துவைத்து அதை ஓட்டுவதாகச் சொல்லி நாளும் குறித்துவிட்டார். அந்த நாளை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் தெலுங்கில் வேகமாகக் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, மாத்திரையோடு வந்திருந்தேன்.

இந்த மேடமும் தெலுங்குக்காரர்தான். "நீ உன் பேச்சுலயே சொல்லும்மா. எனக்கு அர்த்தமாகலைன்னா திரும்பக் கேக்கிறேன்" என்றார், உடைந்த தமிழில். குவைத்து வீட்டுக்காரியையும் மேடம் என்றுதான் கூப்பிட்டேன்; அந்தச் சொல்லைச் சொல்லும்போதே என் குரல் ஒடுங்கியதைக் கவனித்து, அக்கா என்று கூப்பிடச் சொன்னார். சில வாரங்கள் கழித்துத்தான் தீயைச் சொன்னேன். யாருக்குத் தெரிந்தால் உனக்குப் பயம் குறையும் என்று கேட்டார். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு என்றேன்.

அம்மாவையும் நைனாவையும் உள்ளே கூப்பிட்டார். காத்து இல்லை என்று அவர் வாதாடவில்லை. பூசை வேண்டுமானால் செய்யுங்கள், கோயில் மண்டபத்தில், காற்றோட்டமாக. பெண்ணை மட்டும் அடைக்காதீர்கள் என்றார். அடைத்தால் என்ன ஆகும் என்பதை, குவைத்துத் தீயையும் சேர்த்து, நானே சொன்னேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தானே அனுப்பனேன்" என்றார் கடைசியில்.

ஊர் திரும்பியதும் நைனா பூசாரியிடம் போய், பெண்ணை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு கடப்பாறையால் எங்கள் வீட்டுக் கதவின் வெளித்தாழ்ப்பாளைப் பெயர்த்தார். கழனிக்குப் போகும்போது வீட்டை எப்படிப் பூட்டுவது என்று அம்மா கேட்டாள்.

"வூட்ல இன்னா கீது, எவனாச்சும் தூக்கிக்கினு போறதுக்கு?"

வெகுநாள் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அம்மா மண்டபத்தில் பூசையும் செய்தாள். எதனால் குணமானது என்று எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. இப்போது சித்தூரில் என் வீட்டு வாசல்கதவை நானே சாத்திக்கொள்கிறேன். குளிக்கும்போது குளியலறைக் கதவை மட்டும் இன்றும் சாத்துவதில்லை. என் பிள்ளைகள் அப்போது அந்தப் பக்கம் வருவதில்லை; ஏன் என்றும் கேட்பதில்லை.