சித்தியின் காதும் ஞாயிற்றுக்கிழமை நடையும்

எங்கள் சித்தியின் காது சாதாரணக் காது இல்லை. அடுத்த கண்டத்தில் ஒரு கொக்கு கொட்டாவி விட்டால், இங்கே சித்தி, "ஆண் கொக்கு, ராத்திரி சரியா தூங்கல" என்பாள். கப்பல்காரர்கள் தூரத்தில் புயல் சத்தம் வருதா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் நங்கூரம் எடுப்பார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் போன வருஷம் வரைக்கும்தான். ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு நீராவி இஸ்திரி போடும் கூடத்தில் அவளுக்கு வேலை. அந்த இயந்திர இரைச்சல் காதைக் கரையான் மாதிரி ஓரத்திலிருந்து அரித்துவிட்டது. தடித்த சத்தங்கள் கேட்கும். சின்னக் குருவிகளின் கீச்சு மட்டும் காணாமல் போய்விட்டது. இது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலையில் பறவைகள் சரணாலயத்துக்குள் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவது சித்திதான். வாரம் முழுக்க அவள் மூச்சுப் பிடித்திருப்பதே அந்த ஒரு காலைக்காக. இன்றைக்குப் பார்த்து சரணாலய அதிகாரியும் கூட்டத்தோடு வந்து நின்றார். காது விஷயம் தெரிந்தால் இந்த நடையை அவளிடமிருந்து பிடுங்கிவிடுவார்.

இலையுதிர் காலத்துப் பனிமூட்டம். நாணல் ஆளுயரம். கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது, காதை நம்பித்தான் நடக்கணும்.

அதிகாரி விரலைத் தூக்கினார். "இது என்ன குருவிம்மா?"

எது? சித்தி மூச்சை அடக்கிக் கேட்டாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

"கொஞ்சம் கிட்ட வரட்டும் சார்."

"கிட்டதானேம்மா கத்துது!"

போச்சு. இனி ஞாயிற்றுக்கிழமையும் போர்வைதான்.

அப்போது நாணலுக்குள்ளிருந்து, "குக்கூ... குக்கூ" என்று கணீரென ஒரு குயில்.

சித்திக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தப் பருவத்தில் குயில் வாயே திறக்காது. இல்லாத சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டதா? காதோடு மூளையும் பிசகிவிட்டதா? பயந்து பயந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பைனாகுலரும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. அப்பாடா, அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

மறுபடி கூவ ஆரம்பித்த குயில், பாதியில் இருமியது.

சித்தி நாணலுக்குள் கையை விட்டாள். ஒரு சடை சிக்கியது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருக்க வேண்டிய அக்கா மகளின் சடை. என் சடை.

"ஐயோ விடு சித்தி! தடிச்ச குரலா இருந்தா உனக்குக் கேக்குமேன்னுதான்..."

"காது போனா கூடவே காலண்டருமாடி போயிடும்?" என்று அதிகாரி முன்னாலேயே கத்தினாள் சித்தி.