இரண்டு மணிக்கு இறங்கு

மதியம் இரண்டு மணி ஆனால் உர்கென் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வருவான். மலையைப் பார்த்து, "இறங்கு" என்பான். பிறகு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் திரும்பி மண்வெட்டியை எடுப்பான். எங்கள் ஊரான தாமேயில் அதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது. அவன் மலையேற்றக் குழுவுக்குச் சமைத்தவன் நான். அன்று அடிவாரக் கூடாரத்தில் அவன் பக்கத்தில்தான் இருந்தேன்.

பதினேழு முறை ஆட்களை மேலே அனுப்பி இறக்கிய தலைவன் அவன். அவனிடம் ஒரே சட்டம்தான்: இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் அழுதே பார்த்தார். "மலை எங்கயும் ஓடிடாது சார். நீங்க இருக்கணும்ல?" என்று இறக்கிவிட்டான்.

தங்கை யாங்சுமின் புருஷன் கெல்புவையும் உச்சிக்கு நூறடி கீழே அப்படித்தான் திருப்பினான். கெல்புவுக்கு அது ஆறாத புண். அடுத்த வருடம் புறப்படுவதற்கு முன், வீட்டில் ஊறவைத்த சாங் கள் ஒரு குடத்தோடு உர்கென் வீட்டுக்கு வந்தான். எங்கள் பக்கம் இப்படி வந்து ஊற்றும் சாங்கைக் குடித்துவிட்டால், வந்தவன் கேட்பதை மறுக்க முடியாது. மறுத்தவனை ஊர் மனிதனாகவே மதிக்காது.

"என்னன்னு சொல்லிட்டு ஊத்துடா."

"குடி மச்சான், உன் சொத்தையா எழுதிக் கேக்கப்போறேன்?"

உர்கென் சிரித்துக்கொண்டே குடித்தான்.

"இந்தத் தடவ என்னை மட்டும் இறங்குன்னு சொல்லக் கூடாது."

சிரிப்பு நின்றுவிட்டது. கிண்ணமும் காலி.

உச்சிக்கு ஏறிய அன்று, இரண்டு மணிக்கு அடிவாரத்திலிருந்தே மற்ற எல்லாரையும் திருப்பினான். கடைசியாக வாக்கிடாக்கியில் கெல்புவின் குரல் வந்தது. "மச்சான், உச்சி தெரியுது. போகட்டா?"

மேற்கே கருத்துக்கொண்டு வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். வேண்டாம் என்று சொல்லுடா என்று கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. அந்தக் கிண்ணத்தின் கதை எனக்கும் தெரியும். உர்கென் கண்ணை மூடிக்கொண்டு, "போயிட்டு சீக்கிரம் வா" என்றான்.

கெல்பு வரவேயில்லை. "மிஷின் செத்துப்போச்சு, கூப்பிட்டும் கேக்கல" என்று ஊரில் சொன்னான் உர்கென். நானும் தலையாட்டினேன். அதன்பின் ஒன்பது வருடம் அவன் யார் கையாலும் சாங் வாங்கிக் குடித்ததில்லை.

போன மாதம் யாங்சும் குடத்தோடு வந்தாள். விதைக் கிழங்கு வாங்க நானும் போயிருந்தேன். ஊற்றினாள், மறுத்தான். மறுபடி நீட்டினாள், மறுத்தான். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டான். குடித்து முடித்தான்.

"அண்ணா, அன்னிக்கு மிஷின் நெஜமாவே செத்துப்போச்சா?"

உர்கென் என்னைப் பார்த்தான். பாவி நான், தரையைப் பார்த்தேன்.

"இல்லம்மா. போகட்டான்னு கேட்டான். நான்தான் போகச் சொன்னேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். காலிக் கிண்ணத்தை எடுத்து இடுப்புத் துணியில் துடைத்தாள்.

"அவரு கொண்டாந்த சாங் நான் ஊறப்போட்டதுண்ணா. எதுக்குன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அண்ணன் வேணாங்காத மாதிரி நல்லாப் போடுன்னாரு. ருசி பாத்துப் பாத்துப் போட்டேன்."

மறுநாள் இரண்டு மணிக்கு உர்கென் வெளியே வந்தபோது, வாசலில் அவள் முன்னமே வந்து மலையைப் பார்த்து நின்றிருந்தாள்.