இரண்டு காலிலும் மஞ்சள்

பனிக்காலக் காலையில் மைதானத்துக்கு வரும் குதிரைகளுக்குக் கால் இருக்காது. தரையை ஒட்டிப் பனி நிற்கும். அதற்கு மேலே வயிறும் கழுத்தும் மட்டும் மிதந்து வரும். வாயிலுக்குக் கிட்ட வந்த பிறகுதான் கால் முளைக்கும். நான் பார்க்க வேண்டியது அந்தக் கால்களைத்தான்.

யாங்கோனில் குதிரை நடைப் போட்டி நடக்கும் ஒரு மைதானத்தில் வாயிலில் நிற்பவன் நான். ஓட்டப் போட்டி இல்லை. நடை. முன்னங்காலை உயரத் தூக்கி, ஆடுவதுபோல நடக்கும் மட்டக்குதிரைகள். பையன்களைத் துறவியாக்கும் சின்பியு ஊர்வலத்துக்கு இவற்றைத்தான் கேட்பார்கள். பட்டு உடுத்திய பையனை மேலே ஏற்றி, தங்கக் குடை பிடித்துத் தெருவைச் சுற்றி வருவார்கள். போட்டியில் நடந்த குதிரைக்கு அந்தப் பருவம் முழுக்க வேலை உண்டு. நடக்காததை யாரும் கேட்பதில்லை.

அதனால் சிலர் கணுக்காலில் மண்ணெண்ணெய் தடவுவார்கள். மிளகாய் அரைத்துக் கட்டுவார்கள். எரிச்சல் தாங்காமல் குதிரை காலைத் தரையில் ஊன்றப் பயந்து தூக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம்.

அதற்குத்தான் விதி வைத்தார்கள். முதலில் நான் குந்தி உட்கார்ந்து குளம்புக்கு மேலே பெருவிரலால் அழுத்துவேன். அப்போது காலைப் பார்க்க மாட்டேன். காதைப் பார்ப்பேன். குதிரை வலியைக் காதில்தான் சொல்லும். பிறகு மாட்டு டாக்டர் அம்மா அழுத்துவார். பர்மியப் பெண். சயாமா என்று கூப்பிடுவோம். அவர் முடிக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டுவோம். விரித்த கை என்றால் உள்ளே போகலாம். மூடிய கை என்றால் வலி.

அந்த வருஷம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை வந்தது. கூட வந்தவர் போட்டாதாங் படகுத்துறையில் வடை சுட்டு விற்கும் அம்மா. நம்ம ஆள், தமிழ். குதிரை புருஷனுடையது. வளர்ப்பது இவர்.

"என்னண்ணே, இந்த வருஷமும் காலைத் தொட்டுக் கும்பிட நீங்கதானா?"

"நாந்தான்."

"சீக்கிரம் கும்பிட்டுட்டு விடுங்க. வடைச் சட்டிய பக்கத்துக் கடைக்காரிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். விக்கிறதுக்கு முந்தி பாதிய அவளே தின்னுடுவா."

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய லாரி நிக்குது, பாத்தீங்களா? தன்லியின் ஊருச் செங்கல் சூளைக்காரன். இவ இன்னிக்கு நடக்கலன்னா கையோட ஏத்திவிட்டுருவேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார். சொல்லிட்டு அவனோடயே உக்காந்து டீ குடிக்கிறார்."

சூளைக்குப் போகும் குதிரைகளை எனக்குத் தெரியும். செங்கல் வண்டி இழுக்கும். திரும்பி வந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

குந்தி உட்கார்ந்தேன். வலது முன்னங்காலில் விரலை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. காது பின்னால் படுத்தது. விரலுக்கு அடியில் தோல் ஓடியது, குளத்தில் காற்று ஓடுவதுபோல. இடது காலிலும் அதே இடம், அதே நடுக்கம். வெள்ளை மயிருக்குள் மஞ்சள் தெரிந்தது. எழுந்து தள்ளி நின்றேன்.

சயாமா குனிந்தார். பனியில் அவர் தலையும் மறைந்துபோனது. உள்ளே பாண்டு மேளம் எங்கேயோ தூக்கத்தில் அடிப்பதுபோலக் கேட்டது. விரித்துக் காட்டிவிட்டால் என்ன என்று கைக்குத் தோன்றியது. தோன்றும். தோன்றுவதெல்லாம் செய்ய முடியாது.

அவர் நிமிர்ந்தார். காட்டினோம். இரண்டு கையும் மூடித்தான் இருந்தன.

"என்னண்ணே கைய மூடிக்கிட்டு? உள்ள மிட்டாய் வச்சிருக்கீங்களா?"

அந்த அம்மாவின் முகம் மெல்ல மாறியது.

"இரண்டு காலிலும் ஒரே இடம், ஒரே அளவு" என்றார் சயாமா, பர்மிய மொழியில். ஒரு கால் என்றால் அடிபட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அது மனுஷன் கை என்பது விதி. அப்படிப்பட்ட குதிரைக்கு ஒரு வருஷம் வாயில் மூடியிருக்கும்.

"நான் போட்டது மருந்து!" என்று அந்த அம்மாவும் பர்மியத்தில் கத்தினார். "வலது கால் வீங்கிருச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு, சூடு பண்ணி, துணி சுத்திக் கட்டினேன். எம் புள்ளைக்குச் சுளுக்குனா அதத்தான் போடுவேன்."

"வீங்கியது வலது கால்தானே? இடது காலில் ஏன்?"

அந்த அம்மா பர்மியம் நன்றாகப் பேசுவார். ஆனால் அதற்குப் பதில் அந்த மொழியில் வரவில்லை. என்னைப் பார்த்து, "ஒத்தக் கால்ல மட்டும் மஞ்சள் வப்பாங்களா, அண்ணே? நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் சயாமாவிடம் சொன்னேன். எங்கள் பெண்கள் காலுக்கு மஞ்சள் பூசினால் இரண்டுக்கும் பூசுவார்கள். ஒரு காலை வெறுமையாக விடக் கை வராது. மருந்தானாலும் மஞ்சள் மஞ்சள்தான். அவ்வளவுதான் சொன்னேன்.

சயாமா சிரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்றார் அந்த அம்மாவிடம். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அதோடு தோலும் உரிந்திருந்தது. சயாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிளகாய் கட்டுகிறவன் உறை போட்டுக்கொண்டுதான் கட்டுவான்" என்றார். "ஒரு வருஷத் தடை வேண்டாம். ஆனால் இன்றைக்கு உள்ளே கிடையாது. துணிக்குள் சுண்ணாம்பு தோலை வேகவைத்திருக்கிறது. எதற்காகப் போட்டாலும் குதிரைக்கு வலி ஒன்றுதான்."

"அப்ப லாரிதான்" என்றார் அந்த அம்மா. குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழவில்லை. குதிரையும் அசையவில்லை. இரண்டு பேரும் பனிக்குள் ஒரே உருவமாக நின்றார்கள்.

புருஷன் வந்தார். செய்தி அதற்குள் டீக்கடைக்குப் போயிருந்தது. கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன்.

"விடுங்கண்ணே. உள்ளதான் விடமாட்டேன்னீங்க, வெளியவாவது விடுங்க."

"முடியாது."

"என்ன முடியாது?"

"வலியோட இருக்கிற குதிரை ஆறுற வரைக்கும் மைதானத்த விட்டுப் போகக் கூடாது. விக்கவும் கூடாது."

விதி அப்படித்தான். ஆனால் அதை யாரும் நடத்தியதில்லை. கொட்டடியில் இடம் இருக்காது, தீனிக்கும் ஆள் இருக்காது. கண்டுபிடித்த குதிரைகளை அப்படியே ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடுவோம். போன பிறகு அவை என்ன ஆயின என்று நாங்கள் கேட்பதில்லை.

அது நிஜமா என்று அவர் சயாமாவிடம் பர்மியத்தில் கேட்டார். சயாமா என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாம், அப்படித்தான்" என்றார்.

"எப்ப ஆறும்?" என்று புருஷன் என்னைக் கேட்டார்.

"அதக் குதிரையத்தான் கேக்கணும்" என்றேன்.

கயிற்றை என் கையிலேயே விட்டுவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. காலியாகப் போனது. மறுபடி வராது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களாலதான் இவ நடக்கல. அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம்."

"தீனி யாரு வப்பா?"

"நீங்கதான். காலையிலயும் சாயந்தரமும் வரணும்."

"வட யாரு சுடுவா, உங்க சயாமாவா?"

அவர் குதிரையின் கால்களைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சுண்ணாம்ப எதுல கழுவணும்?"

"பச்சத் தண்ணி. தேய்க்காம ஊத்துங்க."

லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி தேடிப் போனார். உள்ளே போட்டி தொடங்கியிருந்தது. குதிரைகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பனியைக் கலைத்தன. இங்கே அந்த அம்மா தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் புல்லுக்குள் ஓடியது. முதலில் குதிரை உதறியது. அப்புறம் ஊற்ற ஊற்ற நின்றது. மெதுவாகக் காது முன்னால் வந்தது.