மைக்கைக் கண்டால் ஒளிகிற குடும்பம்

போன ஞாயிறு எங்கள் சபைக் கோயிலில், அதாவது சர்ச்சில், பாலர் பண்டிகை. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து ஒரு பைபிள் வசனம் சொல்ல வேண்டும். தக்கலைப் பக்கத்துப் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பப்ளிக் எக்ஸாம் கிடையாது!

என் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. வீட்டில் சரியான வாயாடி. வெளியே நாலு பேரைப் பார்த்தால்... சத்தமே இருக்காது. போன வருடம் புது ஃபிராக் போட்டு, கையைப் பிடித்து மைக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அலறியபடி ஓடி, கீபோர்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

"தாய்க்காரி இடுப்புல வச்சே வளத்தா பின்ன எப்படி?" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அவ்வளவுதான். பிள்ளையை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு வருடம் மனசுக்குள் அரிப்பு.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு கணவரின் அக்கா வந்திருந்தார். மைனியிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ என்னத்துக்குப் பிள்ளே கவலப்படுக? ஒனக்க மாப்பிள ஏழு வயசு வர அதே மைக்கக் கண்டு ஓன்னு கரைஞ்சு அழுதவன்தான், கேட்டியா?"

என் கணவரா? கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால் திருப்பித் தராத மனுஷனா? திரும்பிப் பார்த்தேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பின்ன எப்படி மைனி மாறுனாவ?"

"எங்க அப்பா வையவும் இல்ல, இழுக்கவும் இல்ல. ஆளில்லாத நேரமாப் பாத்து கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. 'ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா, சும்மா நில்லு'ம்பாரு."

அப்பாடா! கூச்சம் அப்பா வழியில் பிறவியிலேயே வந்ததாம். அது என் குற்றமில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுத்தது? அது நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் காலியான கோயிலுக்குப் போனோம். மைக் ஸ்டாண்டை ஜெனியின் உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவள் கால் மணி நேரம் அதையே சுற்றி வந்தாள். விரலால் தட்டினாள். "கரண்ட் இல்லியாம்மா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள்.

மறுநாள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வசனம் சொன்னாள். பாதிதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் என்ன பேசினார்களோ... நான் கவனிக்கவே இல்லை.

அவள் எப்போதும் கொஞ்சம் கூச்சக்காரியாகவே இருக்கலாம். இருக்கட்டுமே! ஸ்டாண்டை இறக்கி வைக்க வீட்டில் நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஆளைக் கண்டால் ஒளிகிறதா? உங்களை நீங்களே திட்டிக்கொள்வதற்கு முன்னால், வீட்டுக்காரரின் அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.