கொட்டகைத் திரையில் நடந்த பேய்

யுத்த காலத்தில் ராசிபுரத்தில் டூரிங் கொட்டகை நின்ற இடம் இப்போது லாரிப் பட்டறை. அங்கே நனைந்த தார்ப்பாயின் வாசம் வந்தாலே, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பேய்ப்படம் பார்க்கும் சிறுமியாகிவிடுகிறேன். கூடாரத்துக்குள் காற்று புகுந்து துணித் திரையை உப்பவைக்கும்போதெல்லாம் பேய் வயிறு பெருத்து எங்களை நோக்கி எட்டு வைக்கும். பெண்கள் பக்கம் முழுக்க அலறும். அம்மா முந்தானையால் என் முகத்தை மூடுவாள், நான் விலக்கிவிட்டுப் பார்ப்பேன்.

போன வாரம் அதே படம் டிவியில் வந்தது. பேய் மாவு பூசிய ஆளாக நின்றது. மகன் சிரித்தான்.

“ஏனுங்கம்மா, இதுக்கா பயந்தீங்க?”

“ஆமா சாமி, பயந்தேன். அந்தக் கொட்டகைல உக்கார வெச்சா இன்னைக்கும் பயப்படுவேன். காத்தே புகாத பொட்டிக்குள்ள பேய் எப்படி நடக்கும்?”