கடைசிப் பக்கத்தில் ஒரு பேனாக் கோடு

இன்று அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா கையில் ஒரு காமிக்ஸ். நான் தமிழில் மொழிபெயர்த்த சூப்பர்ஹீரோ கதையின் கடைசிப் பாகம்!

சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போது, அவர் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை அடித்தார்.

"ஏங்க அடிக்கிறீங்க?"

"ஊரக் காப்பாத்த உசுர விடப் போறான். அம்மாகிட்ட 'விடைபெறுகிறேன்'ங்கறான். பெத்தவகிட்ட எவனாச்சும் இப்புடிப் பேசுவானா?"

அந்த ஒரு வரிக்கு நான் இரண்டு நாள் யோசித்திருந்தேன்.

"மூலத்துல அப்படி இருந்திருக்கும்ங்க" என்று முனகினேன்.

"இருந்துட்டுப் போவுது. ஹாஸ்டல்ல இருக்குற என் மவளுக்குக் கொண்டு போறேன். மொத பாகத்துலேருந்து ரெண்டு பேரும் படிக்கிறோம். இந்த வரியப் பாத்தா அழுதுடுவா."

அடித்த வரிக்கு மேலே எழுதியதைக் காட்டினார்.

"போயிட்டு வரேம்மா."

"நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன். மொழிபெயர்த்தது நான்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

புத்தகம் வாங்கியவர்கள் தயவுசெய்து அப்படியே திருத்திக்கொள்ளுங்கள். வேறெங்கே உறுத்தியது என்று கமெண்டில் சொல்லுங்கள். பஸ்ஸில், முகத்துக்கு நேரே வேண்டாம்.