அக்காவுக்கு எடுத்த படகு

அக்கா அந்தப் படகில் ஏறுவதற்கு முன் ஒரு தலையணையை உள்ளே திணிப்பாள். நீலப் பூப் போட்ட பழைய உறை. அதைப் பாலித்தீன் பையில் சுற்றி முதுகுக்குப் பின்னால் செருகுவாள். யோகா பாயை வெட்டிச் சுருட்டி இடுப்புக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுப்பாள். அப்புறம்தான் உட்காருவாள். அப்படியும் முழங்கால் மேல்தட்டைத் தொடாது. கால்மிதியை எவ்வளவு கிட்டே இழுத்து வைத்தாலும் அவளுடைய பாதத்தின் நுனிதான் எட்டும். கரையில் நின்றுகொண்டு நான் சிரிப்பேன். "என்னக்கா, படகு ஓட்டப் போறியா, தூங்கப் போறியா?" என்பேன். "சும்னிரோ" என்று கன்னடத்தில் ஓர் அதட்டல் போட்டுவிட்டுத் துடுப்பை எடுப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மைசூரில் கடல் ஏது என்று கேட்பீர்கள். எங்கள் விஜயநகர் தெருவே கேட்டது. அக்கா வங்கியில் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டு, அப்பா கட்டிய வீட்டின் மாடியில் இருந்தாள். கீழே நானும் என் மனைவி மக்களும். ஐம்பதைத் தொடப்போகிற வயதில், கூட வேலை பார்த்தவர்களோடு உடுப்பிப் பக்கம் சுற்றுலா போனாள். அங்கே கயாக் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு முகாம். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காருகிற ஒடுங்கலான நீளப் படகுதான் கயாக். மேலே மூடியிருக்கும், நடுவில் ஆள் நுழைய ஒரு வாய், கையில் இரண்டு முனையும் தட்டையான துடுப்பு. ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அதன்பிறகு சனிக்கிழமையானால் பஸ் ஏறிவிடுவாள். "தண்ணியில உக்காந்துட்டா யாரும் என்னெ எதுவும் கேக்கறதில்லடா" என்று ஒருநாள் சொன்னாள். இந்த வீட்டில் நாங்கள் அவளை எவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு அப்புறம் அந்த முகாமிலிருந்து ஒரு கூட்டம் கடலோரமாகவே மூன்று நாள் படகில் போவதாக ஏற்பாடு. அதில் போக வேண்டும், அதுவும் சொந்தப் படகில் போக வேண்டும். இதுதான் அக்காவின் ஆசை. எனக்குத் தெரிந்து தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "நீ கூட வாடா. சாமான் நல்லதா இல்லியான்னு உனக்குத்தான் தெரியும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குத் தெரியும், ஆமாம். இருபத்தைந்து வருஷம் ரயில்வே பட்டறையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன். கடலோரத்தில் ஒரு கொட்டகையில் ஃபைபரில் படகு செய்து விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். அங்கே போனதும் நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். விரல் முட்டியால் படகின் அடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனேன். அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். மூடியைத் திறந்து டார்ச் அடித்து, பிசின் ஊறாமல் வெளுத்த திட்டு எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். மேல் பாதியும் கீழ் பாதியும் சேருகிற மூட்டைத் தடவிப் பார்த்தேன். படகின் முன்னறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்து, தடுப்பு வழியாக நடுவே கசிகிறதா என்று பார்த்தேன். கொட்டகைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பெருமை.

அங்கே விற்பனைக்கு இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று சின்னது, மஞ்சள். இன்னொன்று பெரியது, சிவப்பு. சிவப்பில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை சுத்தமான வேலை. மஞ்சளில் இருக்கைக்குப் பக்கத்தில் மயிரிழையாக நாலைந்து விரிசல். "அது மேல்பூச்சு மட்டும்தான் சார், உள்ளே ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாளில் சரி செய்து தருகிறேன். அம்மாவின் உயரத்துக்குச் சின்னதுதான் சரி" என்று அவர் கன்னடத்தில் சொன்னார். குறையுள்ள சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் நான்!

அக்கா இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தாள். மஞ்சளில் இறங்கியதும் அவள் முகமே மாறிப்போனது. பாதம் மிதியில் பதிந்தது, தொடை மேல்தட்டில் முட்டிக்கொண்டது. இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்தாள், படகும் கூடவே அசைந்தது. "இது என்னெ புடிச்சிக்குதுடா" என்றாள். சிவப்பில் உட்கார்ந்தபோது, அண்டாவுக்குள் போட்ட கரண்டி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். "பெரிசா இருக்கே" என்றாள். நான் சொன்னேன்: "விரிசல் விட்டத வாங்கிட்டு நடுக்கடல்ல போய் நிப்பியா? பெரிசா இருந்தா என்ன, எனக்கும் ஆகும். எப்பவாவது நானும் ஓட்டலாம், இல்லியா?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "சரி, அதையே எடு" என்றாள்.

'தம்பிக்கும் ஆகும்' என்பது எங்கள் வீட்டில் அப்பாவின் வார்த்தை. ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அக்காவுக்குச் சைக்கிள் வாங்கப் போனவர், நடுவில் பார் வைத்த ஆண்பிள்ளைச் சைக்கிளை வாங்கி வந்தார். பின்னால் தம்பிக்கும் ஆகும். அக்கா பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டித்தான் பள்ளிக்கூடம் போனாள். மழைக்கோட்டு, குடை, கைக்கடிகாரம், எல்லாம் அப்படித்தான். அவள் உடம்பில் என் அளவு தொங்கும். நான் வளர்ந்து வாங்கிக்கொள்வேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் அப்பா போய், நாங்கள் இருவரும் தலை நரைத்து, அவள் காசில் அவளுக்காக ஒரு படகு வாங்கப் போன இடத்தில் அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது? பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க மனசு ஒப்பவில்லை.

கபினி அணையின் பின்னால் தேங்கிய தண்ணீரில்தான் அவள் பழகினாள். காற்றில்லாத காலையில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் காற்றடித்தால் போதும், படகு அவள் பேச்சைக் கேட்காது. அவளுடைய எடைக்கு அது தண்ணீரில் ஆழ இறங்கவில்லை, காற்று அதைத் தள்ளிக்கொண்டே போனது. துடுப்பு போடும்போதெல்லாம் முழங்கை விளிம்பில் இடித்துக் கன்றிப்போகும். மஞ்சள் தடவிக்கொண்டு மறுநாள் வங்கிக்குப் போவாள். தலையணை வந்தது அப்போதுதான். ஒரு வார்த்தை படகைக் குறை சொன்னதில்லை. "பழகிட்டா சரியாயிடும்டா" என்பாள். நானும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கச்சிதமாக இருந்தது. "பார், எவ்வளவு சுளுவா போவுது" என்று அவளிடமே காட்டினேன், மடையன்.

அந்த மூன்று நாள் பயணத்துக்கு அவளை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டு, ராத்திரி அங்கேயே தங்கினேன். மறுநாள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே குறுக்கே ஓர் அலை வந்து படகு கவிழ்ந்தது. உள்ளே இருந்தபடியே இடுப்பை வெட்டித் துடுப்பைப் போட்டு நிமிர்த்த வேண்டும். முகாமில் கற்றுக்கொடுக்கும் முறை அது. அக்கா முயன்றிருக்கிறாள். அவள் மட்டும் உள்ளே வழுக்கித் திரும்பினாளே தவிர, படகு திரும்பவில்லை. வெளியே வந்துவிட்டாள். கூட வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள், மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது தடவை ஆனதும், பக்கத்தில் வந்த மீன்பிடிப் படகில் அவளைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். தகவல் வந்து நான் போனபோது ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்து, தூரத்தில் போய்க்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "உனக்குக் கை வரலக்கா. இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை? விட்டுடு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

விட்டும்விட்டாள். படகைக் காம்பவுண்டுச் சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டோம். யாராவது கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு, "ஆசப்பட்டேம்பா, எனக்கு வரல" என்பாள். நானும் பக்கத்தில் நின்று, "நல்ல படகு, உள்ள ஒரு குறை கெடையாது" என்பேன். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வயிற்றில் நோய் வந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. ஐந்து மாதத்தில் போய்விட்டாள்.

கருமாதியெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான், மாடியில் அவளுடைய செல்போனைத் திறந்தேன். அதில் ஒரு வீடியோ. அக்கா கடலில், ஒரு சின்னக் கயாக்கில். நான் வேண்டாம் என்று தள்ளிய மஞ்சள் படகு இல்லை. முகாமின் படகு, அதே அளவு. அவளாகவே ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீருக்குள் போகிறாள். படகின் அடிவயிறு மட்டும் தெரிகிறது. எண்ணி இரண்டு நொடி. இடுப்பில் ஒரு வெட்டு, பளிச்சென்று மேலே வந்து, கண்ணில் வழியும் உப்புத் தண்ணீரோடு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். திரும்பவும் செய்கிறாள். மறுபக்கம் சாய்ந்தும் செய்கிறாள். படம் பிடிப்பது அங்கே சொல்லிக்கொடுக்கும் கோயம்புத்தூர்ப் பெண். "செமக்கா! இத உங்க தம்பிக்கு அனுப்பட்டுங்களா?" என்று கேட்கிறது அவள் குரல். அக்காவின் சிரிப்பு நிற்கிறது. "ஐயோ, வேண்டாம்மா. பாவம், டார்ச்செல்லாம் அடிச்சு அவன் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவான்."

எப்போது எடுத்தது என்று பார்த்தேன். அந்தப் பயணம் பாதியில் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கூட வேலை பார்ப்பவள் மகள் கல்யாணம், மங்களூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளே, அந்த ஞாயிற்றுக்கிழமை. தப்பு தன் கையிலா, படகிலா என்று தெரிந்துகொள்ளத் தனியாகப் போயிருக்கிறாள். தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். வந்த பிறகும் இரண்டு வருஷம், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் 'எனக்கு வரல' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் பக்கத்தில் நிற்க. நான் அழுத அழுகையில் என் மனைவி மாடிக்கு ஓடி வந்துவிட்டாள். ஒரு படகு நல்ல படகா என்று பார்க்க எனக்கு ஆயிரம் வழி தெரிந்திருந்தது. உட்காருகிறவளின் முகத்தைப் பார்த்தால் போதும் என்பது தெரியவில்லை. அதுகூடப் பொய். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சிவப்பை எடுத்தேன்.

போன வாரம் ஒருவர் படகைக் கேட்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், என் உயரம், என் கட்டு. படகை இறக்கிப் புல்தரையில் வைத்தோம். தட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு காலை நுழைத்து உட்கார்ந்து, மிதியை அழுத்தி, இடுப்பை அசைத்தார். படகு அவரோடு சேர்ந்து அசைந்தது. "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு சார்" என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தார். "யாருக்காக எடுத்தீங்க?"

"எனக்காகத்தான்" என்றேன்.